மணிக்கொடியும் கடலூர், சிதம்பரம் எழுத்தாளர்களும்

மணிக்கொடி 1933-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தமிழ் இதழ் ஆகும். கே. சீனிவாசன், வ. ராமசாமி, டி. எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் இதனை அரசியல் வார இதழாகத் தொடங்கினர். 1935-இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் இது சிறுகதை இதழாக மாறியது.

கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தனின் பல கதைகள் மணிக்கொடியில் வெளிவந்தன. பின்னாளில் சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனியின் கதைகள் 1936 முதல் இவ்விதழில் வரத் தொடங்கின. மௌனி எழுதியவை ஏறத்தாழ 24 கதைகளே. அவரது முதல் தொகுப்பான 'அழியாச்சுடர்' 1959-இல்தான் நூலானது. அதுவரை அவருடைய கதைகள் இதழ்ப் பக்கங்களிலேயே தங்கியிருந்தன.

வணிக வெற்றி காணாத மணிக்கொடி சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. எனினும், நூலாக்க ஆளில்லாத கதைகளுக்கு அது இடமளித்ததால், தமிழ்ச் சிறுகதையின் அக்காலகட்டம் இன்றும் 'மணிக்கொடிக் காலம்' என்றே அழைக்கப்படுகிறது.