நீரிழிவு விழித்திரை நோய்: அளவீடுகளின் வரலாறு

நீரிழிவால் விழித்திரையின் இரத்த நுண்குழாய்கள் பழுதடைந்த பின்னரும் பலரால் எழுத்துகளைத் தெளிவாகப் படிக்க இயலும். ஆகவே, பார்வைச் சோதனை மட்டுமே இந்நோயைக் கண்டறியப் போதாது.

டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்ட அட்டையில் எழுத்துகளின் எண்ணிக்கை வரிக்கு வரி மாறும். இதனால் பார்வையின் சிறு மாற்றங்களைச் சீராக அளக்க முடியவில்லை. 1976-இல் ஆஸ்திரேலியாவில் பெய்லி, லவி ஆகியோர் வரிக்கு 5 எழுத்துகள் கொண்ட அட்டையை அமைத்தனர். அமெரிக்க நீரிழிவுக் கண்நோய் ஆய்வுக்காக 1982-இல் உருவான அட்டையும் இம்முறையையே பின்பற்றியது.

விழித்திரைப் படங்களை மருத்துவர்கள் வெவ்வேறாக மதிப்பிடாதிருக்கவும் பொது அளவுகோல் தேவைப்பட்டது. 1968-இல் அமெரிக்காவின் ஏர்லி ஹவுஸில் கூடிய வல்லுநர்கள், மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் முறைக்கு அடித்தளமிட்டனர். பின்னர் ஒவ்வொரு கண்ணிலும் 7 பகுதிகளைப் படமெடுப்பது ஆய்வுகளில் வழக்கமாயிற்று.

படம் நோயின் நிலையைக் காட்டும்; பார்வையின் அளவை அட்டையே காட்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.