ஆர்ஸ் ஊரின் உழவர்மகள்

ஆர்ஸ் என்றவுடன் நம் நினைவில் எழுபவர் புனித ஜான் மரிய வியான்னி ஒருவரே. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர் கழித்த நீண்ட நேரமும், அவரைத் தேடி வந்த பெருந்திரளும் நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டவை. அச்சிற்றூர் உயிர்பெற்ற வரலாற்றில் இன்னொரு பெயரும் உண்டு. அதை நாம் அதிகம் கேட்டதில்லை.

1818-இல் வியான்னி அங்கு வந்தபோது ஊரில் சுமார் 230 பேர், மதுக்கடைகளோ நான்கு. மக்கள் விசுவாசத்தைப் பகைத்தவர்கள் அல்லர், மறந்தவர்கள். 1789-இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சி குருக்களைச் சிதறடித்து, ஒரு தலைமுறையையே ஞானோபதேசமின்றி வளரவிட்டிருந்தது. வியான்னியே 1799-இல் ஒரு வீட்டினுள், புல் ஏற்றிய வண்டிகள் சன்னலை மறைத்து நிற்க, ஒளிவில் புதுநன்மை வாங்கியவர்.

அவருடைய தவத்தாலும் செபத்தாலும் ஊர் திருந்திற்று என்பர். உண்மைதான். ஆனால் அவர் ஆள்களையும் தேடினார். கத்தரீன் லசாஞ், பெனுவாத் லார்தே என்ற இரு கிராமத்துப் பெண்களைத் தம் செலவில் அண்டை ஊர்க் கன்னியரிடம் அனுப்பிப் படிக்கவைத்தார். கத்தரீனுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. 1824-இல் பெண்பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளி திறந்தது. 'இறைப்பராமரிப்பு' என்று அதற்குப் பெயர். பின்னர் அநாதைச் சிறுமியரும் வந்து சேர்ந்தனர். கற்பித்தல், சமைத்தல், ரொட்டி சுடுதல், துணி வெளுத்தல் அனைத்தும் இப்பெண்களும் பின்னர் வந்து சேர்ந்த இன்னொருத்தியும் செய்தவை. அவர்கள் கன்னியர் அல்லர். வார்த்தைப்பாடும் இல்லை, ஊதியமும் இல்லை. அங்கே வியான்னி நாள்தோறும் சொன்ன ஞானோபதேசத்தைக் கேட்க வெளியூராரும் வந்தனர். கூட்டம் பெருகவே அது கோவிலுக்கு மாறிற்று.

1847-இல் அவ்வில்லம் புனித சூசையப்பர் சபைக் கன்னியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயரைக் குறைகூற இயலாது. சில பெண்களின் ஆயுளை நம்பி ஒரு பள்ளி எத்தனை காலம் நிற்கும்? வியான்னி பணிந்தார், மனம் நொந்தே பணிந்தார். பங்கு தானே பெற்றெடுத்த தலைமையை, அது கனிந்த வேளையில் ஓரமாக நிறுத்தியது முறைதானா என்னும் ஐயம் இதை எழுதும் எனக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

1859 ஆகஸ்டு 4-இல் வியான்னி இறந்தார். கத்தரீன் ஊரைவிட்டுப் போகவில்லை. தாம் கண்டவற்றைக் குறித்துவைத்தார். புனிதர்பட்ட விசாரணையில் சாட்சியும் சொன்னார். 1925-இல் புனிதரான அந்தக் குருவின் அன்றாட வாழ்வைப் பற்றி நாம் இன்று படிப்பவற்றுள் பல, அவ்வுழவர்மகள் சொன்னவை.