நீர்த்தேக்கக் கரைகளும் மீன் இரையும் (கள்ளக்குறிச்சி மாவட்டம்)

அணைக்கும் ஏரிக்கும் கரை இரண்டு வகை. மனிதர் எழுப்பிய மேட்டுக்கரை ஒன்று. நீர் தானாக நிலத்தில் ஏறிப் பரவும் உள்வாய் மற்றொன்று. மீனுக்கு இரை பெரும்பாலும் உள்வாயில்தான் விளைகிறது.

கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் அருகிலுள்ள கோமுகி அணையின் உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. சூளாங்குறிச்சியிலுள்ள மணிமுக்தா அணை 36 அடிதான். ஆனால் ஏறத்தாழ 737 மில்லியன் கன அடி கொள்ளும். உயரம் குறைந்தும் கூடுதல் நீர் நிற்பதற்கு அது அகன்று பரவியிருப்பதே காரணம். வெயில் அடிவரை இறங்கும் ஆழமற்ற நீர் அத்தகைய பரப்பில் அதிகம்.

கோடையில் நீர் வடிந்ததும் உள்வாயின் வண்டலில் கோரையும் புல்லும் முளைக்கின்றன. மழைநீர் ஏறும்போது அவை மூழ்கி அழுகுகின்றன. அந்த அழுகலில் நுண்ணுயிரிகளும் புழுக்களும் கொசுப்புழுக்களும் பெருகுகின்றன. குஞ்சுகளின் முதல் உணவு இதுவே. விரால் நீர்ச்செடிகளுக்கிடையே சிறு இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து காற்றைக் குடித்துத் திரும்ப, பெற்ற மீன் கீழே காவல் நிற்கும். செடி இல்லாத கரையில் இந்தக் காட்சிக்கு இடமில்லை. நீர்த்தேக்கங்களில் விடப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. ஆனால் ரோகு உண்ணும் ஒட்டுப்பாசிக்கும் மிர்கால் கிளறும் வண்டலுக்கும் ஆழமற்ற ஓரமே வளமான இடம்.

மேட்டுக்கரை முற்றிலும் பயனற்றதென்று சொல்ல முடியாது. அலை அரிக்காமலிருக்கப் பதிக்கும் அலைக்கற்களின் இடுக்குகளில் பாசி படரும், நத்தையும் இறாலும் தங்கும், ஆரால் ஒளியும். அந்த இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைத்தால் இவ்வளவும் போய்விடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதை உணர்ந்தே, 2017-இல் முடித்த புதிய கடற்சுவரில் சொரசொரப்பான பலகைகளையும் இளம் சால்மன் மீன்களுக்கான ஆழமற்ற படுகையையும் அமைத்தது.

அணையின் பாதுகாப்புக்குக் கல் பதித்த கரை வேண்டும். அதில் சமரசம் கூடாது. இழப்பு நேர்வது உள்வாயில்தான். ஆக்கிரமிப்பு அதைச் சுருக்குகிறது. ஓரத்தில் மண் அள்ளுவது மென்சரிவைச் செங்குத்துப் பள்ளமாக்குகிறது. தூர்வாருவோர் நடுப்பகுதியில் மட்டும் வண்டல் எடுத்து, ஓரச் சரிவை அப்படியே விட்டுவிட வேண்டும்.