தேவ்நார் வாசலில் முடியும் எண்

செம்பூரை அடுத்த தேவ்நாரில், 64 ஏக்கரில் பரந்திருக்கிறது மும்பை மாநகராட்சியின் இறைச்சிக்கூடம். 1971இல் இயங்கத் தொடங்கியது. பக்ரீத்துக்கு முந்தைய நாள்களில் ராஜஸ்தான், குஜராத், உத்தரப் பிரதேசம் எனப் பல மாநில லாரிகளிலிருந்து இங்கே இறங்கும் ஆடுகள் லட்சத்தைத் தாண்டும். இந்தியக் கால்நடைப் பதிவேட்டைப் புதுப்பிக்கத் திட்டமிடுபவர்கள் தங்கள் வேலையை இந்த வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய பதிவேட்டின் பெயர் இனாப். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய இது, 2012இல் தொடங்கிய தேசியப் பால் திட்டத்தின் முதல் கட்டத்தில் பரவலாகப் பயன்பட்டது. மாட்டின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை. அந்த எண்ணின்கீழ் கருவூட்டல், சினைப் பரிசோதனை, கன்று ஈன்ற நாள், பால் அளவு, தீவனம். ஒரு கறவை மாட்டின் வாழ்க்கையை அழகாக எழுதிவைக்கும் ஏடு அது. 2019 செப்டம்பரில் கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் எதிரான தேசியத் திட்டம் மதுராவில் தொடங்கியதும் அதன் தலையில் தடுப்பூசிப் பதிவு என்ற வேறொரு சுமை ஏறியது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி மாடும் எருமையும் சேர்ந்து 30 கோடிக்கு மேல். கோமாரித் தடுப்பூசியும் ஒருமுறை போட்டு முடிவதன்று. பின்னர் தேசிய டிஜிட்டல் கால்நடை இயக்கத்தின்கீழ் 'பாரத் பசுதன்' இனாபின் இடத்துக்கு வந்தது.

பழைய பதிவுகளைப் புதிய கணினிக்கு மாற்றுவது பொறியாளர் வேலை, செய்துவிடலாம். முடித்துவைக்கப்படாத பதிவுதான் உண்மையான சிக்கல். சந்தையில் கைமாறி, லாரி ஏறி, வெட்டுக்குப் போன எருமை ஏட்டில் இன்னும் பழைய வீட்டுக் கொட்டிலில் நின்றால், அந்த ஊரின் தடுப்பூசி விகிதமே தவறாகிவிடும். நோய் பரவும்போது தேடிப் போகிறவர்கள் தவறான வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். காதுவில்லை இல்லாத கால்நடைகளின் விற்பனைக்கும் வெட்டுக்கும் மகாராஷ்டிர அரசு 2024 ஜூன் முதல் தடை விதித்தது. சரியான முடிவு. ஆனால் வில்லையைப் பார்த்து உள்ளே விடுவது பாதி வேலைதான். வெட்டுக்கு முன் பரிசோதிக்கும் மருத்துவர் அந்த எண்ணை அங்கேயே முடித்துவைக்க வேண்டும்.

பதிவு இல்லாவிட்டால் நோய் எங்கிருந்து வந்தது என்று அறிய முடியாது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அம்மைத் தழும்பு விழுந்த ஆட்டுத்தோல் பதனிடுபவரின் கண்ணுக்குத் தப்பாது. நோய் தோலில் பதிந்திருக்கிறது. எந்த ஊர் மந்தை என்பதுதான் அதில் இல்லை.

ஆட்டுக்கு மாட்டின் ஏடு பொருந்தாது. இங்கிலாந்து இதை உணர்ந்து நடந்தது. பிரிட்டனின் மாட்டுப் பதிவேடு 1998இல் வந்தது, பித்துப்பசு நோய் தந்த அடியின் விளைவாக. இங்கிலாந்தில் புதிய பதிவேட்டுக்கு 2022 மார்ச்சில் முதலில் மாற்றப்பட்டவை செம்மறியும் வெள்ளாடும் மானும். மாடுகள் பழையதிலேயே நின்றன. ஓராண்டுக்குள் வெட்டுக்குப் போகும் செம்மறிக் குட்டிக்கு அங்கே மந்தை எண் பொறித்த ஒற்றை வில்லை போதும். தலைக்கொரு வரலாறு எழுத வேண்டியதில்லை. எந்த மந்தையிலிருந்து வந்தது என்பது தெரிந்தால் போதும்.

நம் பதிவேட்டிலும் ஆட்டுக்கு மந்தைப் பதிவு வேண்டும். லாரி இறங்கும் இடத்தில், இணையம் அறுந்தாலும் ஓடும் கருவியில், அது பதிவாக வேண்டும். அடுத்த வடிவத்தை வடிவமைப்போர் அதன் சோதனை ஓட்டத்தை ஒரு பக்ரீத் பருவம் முழுவதும் தேவ்நார் வாசலில் நடத்தட்டும். அதன் பிறகு நாடு முழுவதற்கும் கொண்டுபோகட்டும்.