சேலம் சமவெளியில் திராட்சைக் கொடியும் கள்ளின் நுரையும்: 1832 முதல் 1937 வரை

இந்தியத் திராட்சைச் சாகுபடியின் வரலாற்றை எழுதுவோர் தென்னகத்துக்கு வரும்போது ஒரு செய்தியைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். 1832ஆம் ஆண்டை ஒட்டிக் கிறித்தவ மறைப்பணியாளர்கள் சேலம், மதுரை மாவட்டங்களில் திராட்சைக் கொடியை அறிமுகப்படுத்தினார்கள் என்பதே அது. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாவற்றையும் தன்னுள் அடக்கியது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும்தான் பிரிந்தன. மதுரைப் பக்கம் ஊன்றிய கொடி கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையாகப் படர்ந்து, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. சேலம் பக்கம் ஊன்றியது அப்படி ஒரு திராட்சை வட்டாரமாக வளரவில்லை. ஒரே காலத்தில், ஒரே நோக்கத்தோடு தொடங்கிய இரண்டு முயற்சிகள் ஏன் இப்படிப் பிரிந்தன? மண்ணும் வெயிலும் காரணம் என்பது வழக்கமான விடை. அது பாதி விடைதான் என்பதும், மீதியைச் சட்டத்திலும் சந்தையிலும் தேட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒப்பீட்டுக்கு உலகின் மிகப் புகழ்பெற்ற நுரை ஒயின் வட்டாரத்தைப் பார்ப்போம். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் ஓவில்லேர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த பெனடிக்டின் மடத்தில் 1668 முதல் 1715இல் இறக்கும் வரை சரக்கறைப் பொறுப்பில் இருந்தவர் தோம் பெரிஞ்ஞோன். நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று விளம்பரங்கள் சொல்லும். உண்மையில் நுரை அவருக்குத் தலைவலி. குளிரில் பாதியில் நின்ற நொதிப்பு, வெயில் வந்ததும் புட்டிக்குள் மறுபடி தொடங்கும், புட்டிகள் வெடிக்கும். அதைத் தடுக்கவே அவர் பாடுபட்டார். சர்க்கரை சேர்த்தால் ஒயின் நுரைக்கும் என்பதை 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதி வாசித்தவர் கிறிஸ்டபர் மெரெட் என்னும் ஆங்கிலேய மருத்துவர். மடத்துத் துறவியின் கதை விற்றது, மருத்துவரின் கட்டுரை விற்கவில்லை.

நுரை ஒரு குறையாக இருந்த நிலை மாறி அதுவே சரக்காக ஆனதற்குச் சில மனிதச் செயல்கள் தேவைப்பட்டன. ஷாம்பெய்ன் ஒயினைப் புட்டியில் அடைத்து அனுப்ப 1728இல் அரசாணை அனுமதித்தது. மறு ஆண்டே ரூய்னார் நிறுவனம் பிறந்தது. புட்டியைத் தலைகீழாகச் சாய்த்துத் திருப்பி வண்டலை வாய்ப்பகுதிக்கு இறக்கும் முறையை 1810களில் விதவை கிளிக்கோவின் ஆலை வகுத்தது. 1836இல் பிரான்சுவா என்ற மருந்தாளர், எவ்வளவு சர்க்கரை எவ்வளவு அழுத்தத்தைத் தரும் என்று கணக்கிட்டுச் சொன்னார். ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் தாங்கும் கண்ணாடியும் வந்து சேர்ந்தது. சேலத்தில் கொடி ஊன்றிய அதே பத்தாண்டில்தான் ஷாம்பெய்ன், தற்செயலை விட்டுக் கணக்கின் வழிக்கு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. வட்டாரத்தின் எல்லையை வரைந்ததும் இயற்கை இல்லை. வெளியூர்த் திராட்சையை வாங்கி ஷாம்பெய்ன் என்று விற்ற வணிகர்களின் கட்டடங்களை 1911இல் ஆய் என்ற ஊரில் கொடிக்காரர்கள் கொளுத்தினார்கள், படை இறங்கியது. எந்த ஊர்த் தோட்டங்கள் அந்தப் பெயரைச் சூடலாம் என்பதை 1927ஆம் ஆண்டுச் சட்டம் அறுதியிட்டது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற அந்தச் சரிவுகள், சுண்ணப் பாறையால் ஆனவை போலவே வழக்காலும் சட்டத்தாலும் ஆனவை.

இனி சேலம் சமவெளிக்கு வருவோம். இங்கே நுரைக்கும் பானம் இல்லாமல் இல்லை. பனையிலும் தென்னையிலும் பாளை சீவிக் கலயம் கட்டினால், சொட்டத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே சாறு நொதித்துக் கரியமில வாயு பொங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கொல்லிமலைத் தலைவன் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில், விருந்தினருக்கு அவன் கொழுத்த இறைச்சியோடு கொடுக்கும் மது, உருக்கிய பசுநெய்க்கு ஒப்பிடப்படுகிறது. யவனர் கலத்தில் வந்த மணமுள்ள மதுவை அரசர்கள் அருந்திய செய்தியும் அதே தொகையில் உண்டு. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் சாடிகள் அதற்குச் சான்று. ஆனால் திராட்சை மது கப்பலில் வந்து இறங்கிய பண்டம். ஊரில் விளைந்தது மரத்து மது.

அந்த மரத்து மதுவின் இயல்பே அதன் பொருளாதாரத்தைத் தீர்மானித்தது. காலையில் இறக்கிய கள் மாலையில் கடுத்துவிடும், ஓரிரு நாளில் காடியாகும். அதைப் புட்டியில் அடைத்து வயதாக்கி, பெயர் சூட்டி, தொலைவுக்கு அனுப்ப வழியில்லை. ஆகவே கள்ளுக்கு ஊர்ப்பெயர் ஒட்டவில்லை. இறக்கியவர் பெயரும் ஒட்டவில்லை. ஒட்டியது வரி மட்டுமே. ஆங்கிலேய ஆட்சி மரத்துக்கு மரம் வரி போட்டது, கடைகளை ஆண்டுதோறும் ஏலம் விட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சென்னை மாகாண வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு இந்த ஆயத்தீர்வையிலிருந்து வந்தது.

இத்தகைய ஊரில் வந்து இறங்கிய திராட்சைக் கொடிக்கு வேலை என்ன? கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை ஒயின்தான் வேண்டும், வேறு மது ஆகாது. பாதிரியாரின் தோட்டத்தில் கொடி வளர அந்தத் தேவை போதும். அதைத் தாண்டி ஊரில் வாங்குவோர் இல்லை. கள் காசுக்கு மலிவாகப் பக்கத்திலேயே கிடைத்தது. கொடி வளர்க்கத் தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ராஜா வாய்க்கால் பாய்ச்சலில், அகத்தியில் ஏற்றி, கொடியை இறக்கிக் கட்டி, ஆண்டு முழுதும் கிள்ளும் அந்த வேலை, திராட்சைப் பந்தலுக்கும் கவாத்துக்கும் எந்த விதத்திலும் குறைந்த நுட்பம் உடையதில்லை. வெற்றிலைக்குத் தினமும் ஆள் வந்து விலை சொன்னான். திராட்சைக்கு அப்படி ஒருவன் வரவில்லை.

தட்பவெப்பத்தை ஒதுக்கிவிட முடியாது. ஷாம்பெய்னின் ஆண்டுச் சராசரி வெப்பம் 11 பாகையை ஒட்டியது; அங்கே கொடி குளிரில் உறங்கும், பழம் புளிப்போடு பழுக்கும். நுரை ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் உயிர். நாமக்கல் வெயிலில் கொடி உறங்குவதே இல்லை; கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும், இரவு வெப்பம் புளிப்பைத் தின்றுவிடும், சர்க்கரை முந்திக்கொள்ளும். கொல்லிமலை 1,000 மீட்டருக்கு மேல், ஏற்காடு அதைவிட உயரம். உயரம் மட்டும் போதுமென்றால் அங்கே ஒயின் விளைந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பருவமழையும் தொடும் மலைகளில் ஈரம் நின்று அடிச்சாம்பல் நோய் கொடியைப் பிடிக்கும். காப்பியும் மிளகும் அந்த ஈரத்தைப் பொறுத்துக்கொண்டன. இவ்வளவும் உண்மை. ஆனால் கம்பமும் வெப்ப பூமிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவும், 1895 முதல் பாய்ந்த முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும், மஸ்கட் ஹாம்பர்க் என்ற பொருத்தமான இரகமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தின்னும் பழத்துக்கான சந்தையும் அங்கே சேர்ந்தன. கம்பம் திராட்சையின் வெற்றி ஒயினால் வந்ததில்லை, கூடையில் போன பழத்தால் வந்தது.

சேலத்தின் கதையில் அடுத்து நுழைவது அரசியல். ஒத்துழையாமைக் காலத்தில் கள்ளுக்கடை மறியல் சூடுபிடித்தபோது, பெரியார் சேலம் தாதம்பட்டியிலிருந்த தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்ற செய்தி தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது. 1925இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற இதழ் வந்தது; ஆசிரியர் இராஜாஜி, துணைக்கு இளைஞர் கல்கி. பின்னாளில் இலட்சக்கணக்கான வாசகரைக் கட்டிப்போட்ட எழுத்து, இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் ஒரு மூலையில் குடியின் கேட்டைச் சொல்லிப் பழகியது என்பது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி.

1937 ஜூலையில் இராஜாஜி மாகாண முதலமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் மாவட்டம் சேலம். தம் சொந்த மாவட்டத்தையே அவர் சோதனைக்களமாக்கினார். 1938இல் சித்தூரும் கடப்பையும், 1939இல் வட ஆர்க்காடும் சேர்ந்தன. போன வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இன்று கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் கட்டும் வரியின் மூதாதை அது. சட்டம் திருப்பலி ஒயினுக்கு விதிவிலக்குக் கொடுத்தது. பாளை சீவிய மரமேறிக்கு அப்படி எந்த வாசலும் திறக்கவில்லை. குடும்பங்களில் சண்டை குறைந்தது, கையில் காசு நின்றது என்று அன்றே பலர் எழுதினார்கள், அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை. ஆனால் ஒரு தொழிலாகவே மரமேறிகளின் பிழைப்பு ஒரே நாளில் குற்றமாயிற்று என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். பின்பு நடந்தது தெரிந்ததே: போர்க்காலத்தில் தளர்வு, 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு, 1971இல் திறப்பு, 1974இல் மூடல், 1981இல் மறுபடி திறப்பு, 1987 முதல் கள்ளுக்கு நிலையான தடை. சில்லறை மது விற்பனை 2003இல் முழுவதும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது.

இதே காலத்தில் மகாராட்டிரம் வேறு திசையில் நடந்தது. புனே மாவட்டத்து நாராயண்காவ் என்னும் ஊரில், ஷாடோ இண்டாஜ் நிறுவனம் 1980களில் பிரெஞ்சு வல்லுநர் உதவியோடு, ஷாம்பெய்ன் முறையிலேயே புட்டிக்குள் நொதிக்கவைத்து ‘ஓமர் கய்யாம்’ என்ற நுரை ஒயினைத் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. இந்தியாவில் நுரை ஒயின் கிராமம் என்று முதலில் சொல்லத்தக்கது அதுதான். நிறுவனம் பின்னர் கடனில் மூழ்கியது. ஆனால் வழி திறந்துவிட்டது. 2001இல் அம்மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் கொள்கையை அறிவித்து, ஒயின் ஆலைகளை உழவர் நலனோடு இணைத்தது. நாசிக் பக்கம் சூலா என்ற ஒயின் நிறுவனம் வளர்ந்தது. பிரான்சின் ஷாண்டோன் நிறுவனமே பின்னர் திண்டோரியில் ஆலை திறந்தது. அங்கேயும் வெயில்தான். புளிப்பு குறையுமுன் குளிர்கால முடிவிலேயே பழத்தை அறுத்து அந்தச் சிக்கலைச் சமாளிக்கிறார்கள். ஆலைக்காரன் வாங்குவான் என்ற உறுதி இருந்ததால்தான் உழவர் ஒயின் இரகங்களை ஊன்றினர்.

எனவே சேலம் சமவெளியில் ஒயின் கிராமம் உருவாகாததற்கு வெயிலை மட்டும் குற்றம் சாட்டுவது பொருந்தாது. 1832இன் கொடிக்கு வழிபாட்டுக்கு வெளியே வாங்குவோர் இல்லை. 1937க்குப் பிறகு இருக்கவும் முடியாது. அதைவிடப் பெரிய இழப்பு மரத்து மதுவுக்கு. ஷாம்பெய்ன்காரர்கள் தங்கள் நுரையை இருநூறு ஆண்டுகள் ஆராய்ந்து அடக்கினார்கள். நாம் நம் நுரையை ஆராயும் முன்பே வரியாக்கினோம், பிறகு குற்றமாக்கினோம். 2017இல் தமிழக அரசு தென்னையிலிருந்து நீரா இறக்க உழவர்களுக்கு அனுமதி தந்தது. அது நொதிக்கக் கூடாது என்பது நிபந்தனை.