கோரமண்டல்: லைன் வீடுகளும் நகரசபையின் எல்லையும்

கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஓர் ஊர், கடலைக் காணாத கோலார் மேட்டுநிலத்தில் இருக்கிறது. சோழமண்டலம் என்ற தமிழ்ப்பெயர் ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்தது. அந்தத் திரிந்த பெயரை ஒரு தங்கச் சுரங்கத்துக்குச் சூட்டினர். பின்னர் சுரங்கத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும், பங்காருப்பேட்டை–மாரிக்குப்பம் இருப்புப்பாதையில் உள்ள நிலையத்துக்கும் அதுவே பெயராயிற்று. கோலார் தங்கவயலின் பிற பகுதிகளான சாம்பியன் ரீஃப், நந்திதுர்கம், உரிகம், மைசூர் மைன் ஆகியவையும் சுரங்கங்களின் பெயராலேயே வழங்குகின்றன. சுரங்கம் முந்தியது, ஊர் பிந்தியது என்பதை இப்பெயர்களே சொல்கின்றன. அந்த ஊரை ஆளும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே தீராமல் இருப்பதற்கும் இந்த வரிசையே காரணம்.

1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் சுரங்கப்பணி நிலைபெற்றது. வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர். அவர்களுக்கென மூங்கில் தட்டிகளால் ஆன ஓரறைக் குடில்கள் வரிசை வரிசையாக எழுப்பப்பட்டன. ‘லைன்’ என்னும் சொல் அவ்வரிசையிலிருந்து பிறந்து முகவரியாகவே நிலைத்தது. லைன் வீட்டுக்கு வாடகைதாரரும் இல்லை, உரிமையாளரும் இல்லை. வேலைக்காரர் மட்டுமே உண்டு. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். நிலம், குழாய், கழிப்பிடம் ஆகிய அனைத்தும் கம்பெனியின் கணக்கில் இருந்தன.

அக்கால அளவில் தங்கவயலின் உள்கட்டமைப்பு வியக்கத்தக்கது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். பாலாற்றின் மீதமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீரும் வந்தது. ஆயினும் மின்கம்பி முதலில் தேடிச் சென்றது சுரங்க இயந்திரங்களை. ஊருக்கான வசதிகள் உற்பத்தியின் தேவையை ஒட்டியே வந்தன; குடியிருப்போர் கூடி முடிவெடுக்கும் அவை எதுவும் அவற்றைத் தீர்மானிக்கவில்லை.

சுரங்க நிலத்துக்கு வெளியே, மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரால் ராபர்ட்சன்பேட்டை உருவானது. நேர்த்தெருக்களும் கடைவீதியும் கொண்ட அந்நகருக்கு நகரசபை அமைந்தது. சுரங்கப்பகுதியின் பொதுச்சுகாதாரத்தை சானிட்டரி போர்டு எனப்பட்ட தனிக் குழு கவனித்தது. இவ்வாறு அடுத்தடுத்து வாழ்ந்த மக்கள் இருவேறு நிர்வாகங்களின் கீழ் இருந்தனர். வரி செலுத்தி வாக்களிக்கும் நகரவாசி ஒருபுறம். கம்பெனியின் பதிவேட்டில் இடம்பெறும் தொழிலாளி மறுபுறம். அந்தப் பதிவேட்டின் அதிகாரத்தைத் தொழிலாளர் உணராமல் இல்லை. கைரேகையுடன் கூடிய பதிவுமுறையை எதிர்த்து 1930இல் அவர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் மாநில அரசின் கைக்கு வந்தன. 1962இல் மத்திய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனம் ஆயின. முதலாளி மாறினாலும் வீட்டுக்கும் வேலைக்கும் இருந்த முடிச்சு அவிழவில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட சுரங்கப்பகுதியும் ராபர்ட்சன்பேட்டை நகரசபையும் தனித்தனி நகர அலகுகளாகவே பதிவாயின. அடுத்த கணக்கெடுப்புக்குள் அவை ஒன்றாயின. அதே காலகட்டத்தில், 2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கமும் மூடப்பட்டது.

அதன்பின் நகரசபையின் பொறுப்பில் வந்தவர்கள் மக்கள். அவர்கள் காலூன்றி நின்ற நிலம் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. நகரசபையின் அன்றாடப் பணிகள் இங்கேதான் சிக்குகின்றன. சாக்கடை வெட்டவும், கழிப்பறை கட்டவும், கட்டட அனுமதி வழங்கவும், வீட்டுவரி விதிக்கவும், நிலம் யாருடையது என்பது முதலில் தெளிவாக வேண்டும். பட்டா இல்லாத வீட்டை விரிவாக்க வங்கிக்கடன் பெறுவது அரிது. அரசின் வீட்டுத்திட்டங்களும் பெரும்பாலும் மனைக்கு ஆவணம் கேட்பவை. இந்தச் சிக்கலின் மிகக் கொடிய விளைவு கழிப்பிடங்களில் வெளிப்பட்டது. உலர்கழிப்பிடங்களைத் தடைசெய்யும் சட்டம் 1993இலேயே இயற்றப்பட்டிருந்தும், தங்கவயலின் குடியிருப்புகளில் மனிதக் கழிவை மனிதரே அகற்றும் நிலை நீடித்தது. 2011இல் கழிவுக்குழியில் இறங்கிய மூவர் உயிரிழந்தனர்.

இலங்கை மலையகத்தின் வரலாறு இதற்கு நெருங்கிய உறவுடையது. அங்கும் குடியிருப்பின் பெயர் அதே சொல்லின் மற்றொரு திரிபான ‘லயம்’. அங்கும் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட நிலத்துக்குள் சபைகள் தம் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத் தமிழர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை, அவர்களது வாசலுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட இயலாதிருந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஒரே ஆங்கிலச் சொல் இரு நாடுகளின் தமிழில் இரு வடிவம் கொண்டது. அது சுட்டிய உறவு மட்டும் ஒன்றாகவே இருந்தது: உழைப்பவர் தங்கலாம், உரிமை கோரலாகாது.

தங்கவயலின் ஆண்களும் பெண்களும் இன்று விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வீட்டையும் வேலையையும் கட்டியிருந்த கயிறு நடைமுறையில் அறுந்துவிட்டது. ஆவணத்தில் அது இன்னும் தொங்குகிறது. லைன் வீடுகளுக்கு உரிமைப்பத்திரம் கேட்கும் குரலைச் சலுகை வேண்டுதலாக மட்டும் வாசித்தால் அதன் முழுப்பொருள் புலப்படாது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை தன் எல்லைக்குள் உண்மையாகவே முடிவெடுக்க இயல வேண்டும் என்ற கோரிக்கையும் அதனுள் இருக்கிறது. நில உரிமை தீர்க்கப்படாத இடத்தில் நகரசபை கூடலாம், தீர்மானமும் நிறைவேற்றலாம். தீர்மானம் செயலாவதற்குக் காலடியில் நிலம் வேண்டும்.