இடப்பக்கம் போன வயலின்

அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே இடது காது கேட்காமல் போய்விட்டது. காதில் சீழ் வைத்ததைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு முதல் போனஸ் வந்தபோது, இதையெல்லாம் யோசிக்காமல், அவருக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். ரொம்பப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, "ரேடியோவுல போட்டா நடுவுல ஒரு வயலின் வருமேடா, அது எங்க?" என்றார். வாங்கிக் கேட்டேன். வயலின் முழுக்க இடப்பக்கம் இருந்தது.

பேலன்ஸை வலப்பக்கம் தள்ளினேன். அப்பவும் வரவில்லை. பேலன்ஸ் எதையும் இடம் மாற்றுவதில்லை, ஒரு பக்கத்துச் சத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இடப்பக்க வயலின் வலது காதுக்கு வர வேண்டுமானால் ஸ்டீரியோவின் அகலத்தைச் சுருக்க வேண்டும். அது எப்படி என்று தேடிப்போனபோதுதான் ஆலன் ப்ளூம்லைன் கிடைத்தார்.

1931, லண்டன். பேசும்படம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பின்னாளில் மனைவியான டோரீனோடு சினிமாவுக்குப் போன ப்ளூம்லைனை ஒரு விஷயம் உறுத்தியது என்று சொல்வார்கள்: நடிகர் திரையின் ஓரத்துக்குப் போனாலும் குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது! அந்த டிசம்பர் 14ஆம் தேதி ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண் 394325. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் இரண்டு தடங்களை வெட்டும் வழிகூட அதில் இருந்தது.

எனக்குப் பிடித்தது அதிலிருந்த கணக்கு. இடதையும் வலதையும் கூட்டு. பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பாடகர் குரல் கழித்தலில் காணாமல் போகும். மிஞ்சுவது பக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும். அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கித் திரும்பச் சேர்த்தால் மேடை விரியும். சிறிதாக்கினால் சுருங்கும். பூஜ்யமாக்கினால் மோனோ. இன்று ஒலி மென்பொருள்களில் அகலத்துக்கென்று இருக்கும் குமிழுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கூட்டல் கழித்தல்தான். நிரலாக எழுதினால் நாலு வரி.

1934 ஜனவரியில், அபே ரோடு ஸ்டுடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மொஸார்ட் சிம்பொனியை ப்ளூம்லைன் ஸ்டீரியோவில் பதிவு செய்தார். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்குப் பரவலாக வந்தது 1958 வாக்கில்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942 ஜூன் 7 அன்று, ரேடார் சோதனைக்காகப் பறந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 38.

ஸ்டீரியோ வந்த பிறகும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உடனே பிடிபடவில்லை. 1963இல் பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தை அதே அபே ரோடில் இரண்டு தடங்களில் பதிந்தார்கள். வாத்தியம் ஒன்றில், குரல் இன்னொன்றில். மோனோவாகக் கலக்கும்போது அளவு பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிப் பிரித்தார்கள். ஸ்டீரியோ தட்டில் அந்தப் பிரிவு அப்படியே வந்தது: வாத்தியங்கள் இடது, குரல்கள் வலது. அப்பா கேட்டால் கிட்டாரே இல்லாமல் பாடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

அவருடைய போனில், அணுகல் வசதிகளுக்குள் 'மோனோ' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆன் செய்தேன். வித்தியாசம் பூஜ்யம். பாட்டு பாதி போனதும் அப்பா விரலைத் தூக்கிக் காட்டினார். வயலின்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இப்ப எல்லாம் வருது. ஆனா நீ கேக்குற மாதிரி இருக்காதுல்ல?"

"இருக்காதுப்பா" என்றேன்.

"சரி, பரவால்ல" என்று பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்.